விடுதிக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள்: வாசகர் கேள்வி – பதில்

கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை விடுதியைப் பற்றியவை. மகளிர் விடுதி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் வார்டனாக இருந்தவள் என்ற முறையில், காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த ஏழு கடிதங்களுக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகள் காரைக்குடியில் முதுகலை முதலாண்டு சேர்ந்து, விடுதியில் தங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. ஒவ்வொரு நாள் இரவும் போனில் அழுகிறாள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். விடுதியை விட்டு அழைத்துவந்து, தினமும் போய்வரச் சொல்லிவிடலாமா? (ஒரு தாய், தேவகோட்டை)

பதில்: அழைத்து வருவதா வேண்டாமா என்பதை இந்த மூன்றாம் வாரத்தில் முடிவு செய்யாதீர்கள் அம்மா. நான் பார்த்தவரையில் முதல் வாரம் புதிய இடத்தின் பரபரப்பிலேயே கழிந்துவிடுகிறது. இரண்டாம், மூன்றாம் வாரங்களில்தான் வீட்டுச் சாப்பாடும் சொந்தப் படுக்கையும் நினைவில் வந்து நெஞ்சை அடைக்கின்றன. முதல் இன்டர்னல் தேர்வு முடிவதற்குள் பெரும்பாலான பெண்களுக்கு இது தணிந்துவிடும். தேர்வுக்குச் சேர்ந்து படிக்க உட்காரும்போது, பக்கத்து அறைப் பெண்ணின் ஊரும் பேரும் தானாகத் தெரிந்துவிடுகின்றன.

அதற்கு முன் ஒன்றை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அவள் எதற்காக அழுகிறாள்? வீட்டு நினைவினால் வரும் அழுகைக்கும், யாரோ புண்படுத்துவதனால் வரும் அழுகைக்கும் வேறுபாடு உண்டு. "சாப்பிட்டாயா" என்று மட்டும் கேட்டால் "சாப்பிட்டேன்" என்றுதான் பதில் வரும். யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், வலப்பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்று பேரின் பெயரையாவது அவள் சொன்னால் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு பெயரும் சொல்ல முடியாமல், உணவும் உறக்கமும் குறைந்துகொண்டே போவதாகத் தெரிந்தால், காத்திருக்காமல் வார்டனை நேரில் சென்று பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் டெலி மனஸ் இலவச எண்ணிலும் பேசலாம். அப்படியும் தேறவில்லை என்றால் அழைத்து வந்துவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பேசும் நேரத்தையும் மாற்றுங்கள். தூங்கப்போகும் வேளையில் பேசினால், போனை வைத்தபின் அந்தத் துயரத்தோடு இருட்டில் தனியாகக் கிடப்பவள் அவள்தான். மாலையில் வகுப்பு முடிந்து, மெஸ்ஸுக்குப் போவதற்கு முன் பேசிவிட்டால், அதன்பின் அவளுக்கு மனிதர் முகங்களைப் பார்க்கும் வாய்ப்பு இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்கு வரும் வழக்கத்தையும் முதல் இரண்டு மாதங்களுக்குத் தவிர்க்கச் சொல்லுங்கள். வாரந்தோறும் வீட்டுக்குப் போன பெண்கள், இரண்டாண்டு முடியும்வரை விடுதிக்கு விருந்தாளிகளாகவே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்; வாளியும் பாயும் விடுதியில் இருக்கும், மனம் பஸ் நிலையத்தில் இருக்கும்.

ஒரு மணி நேரத் தொலைவுக்கு விடுதி எதற்கு என்றும் உங்கள் வீட்டில் கேட்பார்கள். நம் கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தை நிறுவியபோது, மாணவர்கள் தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே அதை அமைத்தார். வகுப்பு மாலையில் முடிந்துவிடும். இரவு உணவுக்குப்பின் வேறு துறை மாணவியோடு மொட்டைமாடியில் நடக்கும் பேச்சில் கற்பதைப் பஸ்ஸில் போய்வருபவர்களால் கற்க முடியாது.

கேள்வி: என் மகனின் மெஸ் பில் ஆகஸ்டில் 3,300 ரூபாய். நவம்பரில் அவன் குறைவான நாட்களே விடுதியில் இருந்தான். ஆனால் நாள் ஒன்றுக்கு 20 ரூபாய் கூடியிருக்கிறது. சாப்பாட்டில் மாற்றம் இல்லை என்கிறான். இதில் ஏதோ முறைகேடு இருக்குமோ என்று சந்தேகிக்கிறேன். (அரிசி ஆலைக் கணக்கர், புதுவயல்)

பதில்: கணக்கெழுதுபவர் கேட்டிருப்பதால் கணக்காகவே சொல்கிறேன். உங்கள் மகனின் விடுதியில் நடப்பது டிவைடிங் முறையாக இருக்க வேண்டும். அதாவது மெஸ்ஸுக்கென்று முன்கூட்டியே விலை குறிப்பதில்லை. மாதம் முடிந்தபின் அந்த மாதத்தின் மொத்தச் செலவை, எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கண்டு, அவரவர் இருந்த நாட்களால் பெருக்குவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாதத்தில் எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களைக் கூட்டினால் 5,000 நாட்கள் வருகின்றன. செலவு 5,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 110 ரூபாய் ஆகிறது. முப்பது நாட்கள் இருந்தவருக்கு 3,300, இருபத்து நான்கு நாட்கள் இருந்தவருக்கு 2,640. தீபாவளி விடுமுறையும் தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறையும் சேர்ந்து வரும் மாதத்தில் அந்த 5,000 நாட்கள் 3,000 ஆகிவிடும். அரிசியும் காய்கறியும் அதற்கேற்பக் குறையும். ஆனால் சமையற்காரர்களின் சம்பளம் குறையாது, பாத்திரம் கழுவுபவரின் சம்பளம் குறையாது, பத்துப் பேர் இருந்தாலும் அடுப்பு எரிந்தாக வேண்டும். செலவு 3,90,000 ரூபாய்க்குத்தான் இறங்கும். அப்போது நாளுக்கு 130 ரூபாய் ஆகிவிடுகிறது. இருந்தவர்களின் தலையில், ஊருக்குப் போனவர்களின் பங்கும் ஏறுகிறது என்பதுதான் இதன் பொருள்.

ஆகவே தொகை கூடியது மட்டுமே முறைகேட்டுக்குச் சான்றாகாது. ஆனால் உங்கள் சந்தேகத்தைத் தவறு என்றும் சொல்லமாட்டேன். கேட்கப்படாத கணக்கு நாளடைவில் கெட்டுப்போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகன் மூன்றைப் பார்க்கட்டும். அந்த மாதத்தின் மொத்தச் செலவும் மொத்த நாட்களும் தகவல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா? விடுப்பு எழுதிக் கொடுத்த நாட்கள் அவனுடைய கணக்கில் கழிக்கப்பட்டிருக்கின்றனவா? பல விடுதிகளில் தொடர்ந்து சில நாட்கள் இல்லாமலிருந்தால்தான் கழிப்பார்கள்; அதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இந்த விதியை அறியாமல் ஒன்றிரண்டு நாட்கள் ஊருக்கு வந்துபோய்ப் பணம் இழப்பவர்கள் மிகப்பலர். மூன்றாவதாக, மெஸ் கமிட்டியில் மாணவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் ஸ்டோர் ரூமைத் திறந்து இருப்பைச் சரிபார்க்கிறார்களா?

உங்கள் மகனையே அடுத்த பருவத்தில் மெஸ் ரெப் (மெஸ்ஸுக்கான மாணவர் பிரதிநிதி) பொறுப்பை ஏற்கச் சொல்லுங்கள். காலை ஐந்து மணிக்குப் பால் அளக்க எழுந்து நிற்பவனுக்கு, தட்டில் மீதி வைத்த சோற்றின் விலை தெரிந்துவிடும். என் விடுதியில் அந்தப் பொறுப்பை ஏற்ற பெண்கள், அதற்குப் பின்தான் சமையற்கார அக்காவைப் பெயர் சொல்லி நலம் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

கேள்வி: மூன்று பேர் தங்கும் அறையில் இருக்கிறேன். ஒருத்தி இரவு இரண்டு மணிவரை விளக்கைப் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரில் பேசுகிறாள். நான் விடியற்காலையில் படிக்கும் பழக்கம் உள்ளவள். இரண்டு முறை சண்டை வந்து, இப்போது பேச்சே இல்லை. அறை மாற்றிக் கேட்கட்டுமா? (முதுகலை மாணவி, திருப்பத்தூர்)

பதில்: என் அனுபவத்தில், அறை மாற்றிக் கேட்டு வந்த பெண்களில் பாதிப்பேருக்கு அடுத்த அறையிலும் இதே சிக்கல்தான் வந்தது. அங்கே வேறொருத்திக்கு வேறொரு பழக்கம் இருக்கும். அதனால் மாற்றிக் கேட்பதை இரண்டு வாரங்கள் தள்ளிவைத்துவிட்டு, நான் சொல்வதைச் செய்து பார் மகளே.

நெருக்கமாகத் தங்கி வாழ்வது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் நம் ஊர்க்காரர்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கிகள் என்ற கடைக் கட்டடங்களில், ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகளின் ஆட்கள் இருந்தார்கள். பகலில் அவரவர் பெட்டியடியில், அதாவது கணக்குப் பெட்டி வைத்த இடத்தில், உட்கார்ந்து கணக்கெழுதி, இரவில் அதன் அருகிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். சமையல் பொது. ஒரே தொழிலில் போட்டியாளர்களான அவர்கள், கையகல இடத்தில் ஆண்டுக்கணக்காக இருக்க முடிந்ததற்குக் காரணம், என் இடம் எது, உன் இடம் எது, பொது எது என்பது அங்கே ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருந்தது என்று நான் கருதுகிறேன். இங்கே நம் வளவு வீடுகளிலும், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள கூட்டுக்குடும்ப வீடுகளிலும், அதுவேதான். மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை. "வேறு வைத்த" பின், அதாவது அவனுக்குத் தனிக் குடித்தனம் அமைத்த பின், தனிச் சமையல், தனிச் செலவு. முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. தனி எது என்பதைப் பேசி முடித்தபின்தான் பொது இடத்தில் சிரித்துப் பேச முடிந்தது.

உங்கள் அறையில் அந்தப் பேச்சு இன்னும் நடக்கவில்லை. நடந்த இரண்டு சண்டைகளும் நள்ளிரவில் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். தூக்கம் கெட்டவளும் படிப்பு கெட்டவளும் அந்த வேளையில் பேசி எதையும் தீர்க்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்த பிறகு, மூன்று பேரும் உட்காருங்கள். மூன்றாமவள் கட்டாயம் இருக்க வேண்டும். அவள் ஒதுங்கியிருப்பதால்தான் இது இருவர் சண்டையாகவே நீடிக்கிறது. "நீ சுயநலக்காரி" என்று தொடங்காதே. "ஒரு மணிக்கு முன் தூங்க முடியாததால் நான்கு மணிக்கு எழ முடியவில்லை, சென்ற வாரம் இரண்டு வகுப்புகள் போயின" என்று உனக்கு நேர்ந்ததைச் சொல். முதலாவது விவாதமாகிவிடும், இரண்டாவதை யாரும் மறுக்க முடியாது.

என் விடுதியில் உன்னைப் போன்ற இருவர் ஓர் அறையில் இருந்தார்கள். ஒருத்தி இரண்டு மணிக்குப் படுப்பாள், மற்றவள் நான்கு மணிக்கு அலாரம் வைப்பாள். அந்த அறையில் இரண்டு மணி நேரம்தான் இருட்டு. இருவரும் மெலிந்துபோய் என்னிடம் வந்தார்கள். கடைசியில் அவர்களே எழுதி, கதவின் பின்புறம் ஒட்டிக்கொண்ட ஏற்பாடு இது: பதினொரு மணிக்குப் பெரிய விளக்கு அணையும், அதன்பின் படிக்க வேண்டியவள் ரீடிங் ஹாலுக்குப் போவாள் அல்லது டேபிள் லாம்ப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துக்கொள்வாள். போன் பேச்சு வராந்தாவில். விடியற்காலை அலாரம் ஒலிக்காது, தலையணைக்கு அடியில் அதிரும். எழுபவளும் விளக்கைப் போடாமல் வெளியே போவாள். கடைசி வரியைக் கவனித்துக்கொள். உன் தோழியின் இரவு உனக்குத் தொல்லையாக இருப்பதைப் போல, உன் விடியற்காலை அவளுக்குத் தொல்லையாக இருக்கக்கூடும். அதை நீயே முதலில் கேட்டுவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

பேச்சுவார்த்தைக்குப் பிறகும் அவள் மாறவில்லையென்றால், வார்டனிடம் போவது கோள் சொல்வதாகாது. தயங்காமல் போ.

கேள்வி: பையனை விடுதியில் சேர்த்திருக்கிறேன். அறையில் நம் ஆட்களாகப் பார்த்துப் போடும்படி வார்டனிடம் சொல்லலாமா? (ஒரு தந்தை)

பதில்: சொல்லாதீர்கள். என்னிடம் இதைக் கேட்டுவந்த தந்தையர் ஒவ்வொருவரிடமும் மறுத்திருக்கிறேன். அதற்காகப் பெற்ற வசைகளை இன்றும் பெருமையாகவே எண்ணுகிறேன். ஊரில் அவன் பிறந்த தெருவைத் தாண்டிப் பழகாதவன், தன்னைப் போல் இல்லாத ஒருவனோடு ஒரே அறையில் தூங்கி எழுந்து, காய்ச்சலில் கிடக்கும்போது அவன் கையால் கஞ்சி வாங்கிக் குடிப்பதற்கு அவன் வாழ்நாளில் கிடைக்கும் ஒரே இடம் விடுதியாக இருக்கலாம். அதைத் தடுக்காதீர்கள்.

உங்கள் மகனுக்கும் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். சாதி, மதம், பிறந்த ஊர், பொருளாதார நிலை ஆகியவற்றைக் காரணமாக வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்கே என்று, பல்கலைக்கழக மானியக் குழு தன் விதிமுறைகளில் 2016-இல் திருத்தம் செய்திருக்கிறது. "எந்த ஊர், எந்தத் தெரு" என்று துருவிக் கேட்டு ஆளைக் கணக்குப் போடும் பழக்கத்தை வீட்டுப் படியிலேயே விட்டுவிட்டுப் போகட்டும்.

கேள்வி: சீனியர்கள் இரவு பத்து மணிக்கு மேல் அறைக்கு அழைத்து, "அறிமுகம்" என்று நிற்கவைக்கிறார்கள். அடிப்பதில்லை. அவர்களுடைய ரெக்கார்டு நோட்டை எழுதித்தரச் சொல்கிறார்கள். இது ராகிங் ஆகுமா? (முதலாண்டு மாணவர், பள்ளத்தூர்)

பதில்: ஆகும். அடித்தால்தான் ராகிங் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, புதிய மாணவரைக் கேலி செய்வதும், அவமானம் தரும் செயலைச் செய்யச் சொல்வதும், தங்கள் படிப்பு வேலையை அவரைக் கொண்டு செய்வித்துக்கொள்வதும், பணம் பறிப்பதும் ராகிங்கே. நீ எழுதும் அந்த ரெக்கார்டு நோட்டு அதில் நேரடியாக அடங்குகிறது.

தமிழ்நாட்டில் 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் சீனியர் மாணவரால் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகுதான் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதன்படி இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். வார்டனிடமோ ராகிங் தடுப்புக் குழுவிடமோ எழுதிக்கொடு. அங்கே போக அச்சமாக இருந்தால், 1800-180-5522 என்ற தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. இன்றே உன் பெற்றோரிடமும் சொல்லிவிடு. தனியாகத் தாங்கிக்கொள்வது வீரம் என்று நினைத்த பிள்ளைகளை நான் இழந்துவிடும் நிலைவரை போய்ப் பார்த்திருக்கிறேன். நீ அப்படி நினைக்காதே.

கேள்வி: எங்கள் விடுதியில் மாலை ஆறரைக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். அதே வளாகத்தில் ஆண்கள் விடுதிக்கு ஒன்பது மணி. நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கிறது. வார்டனாக இருந்த நீங்கள் இதை நியாயம் என்பீர்களா? (ஆய்வு மாணவி, காரைக்குடி)

பதில்: நியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பல ஆண்டுகள் அதே ஆறரை மணிக்கு நானே கேட்டைப் பூட்டச் சொல்லியிருக்கிறேன் என்பதை உன்னிடம் மறைக்கக் கூடாது. நூலகத்திலிருந்து ஓடிவந்து, கேட்டுக்கு வெளியே மூச்சிரைக்க நின்ற ஒரு மாணவியிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கினேன். அவள் கையில் இருந்தவை மூன்று புத்தகங்கள். அவளைத் தண்டித்தது தவறு என்பதை அன்று இரவே உணர்ந்தேன். விதியை மாற்றக் கோரி நிர்வாகத்துக்கு எழுத எனக்கு இன்னும் இரண்டாண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

உன் பக்கம் விதியே இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள், பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை மகளிர் விடுதிகளில் விதிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. அந்தப் பகுதியை மேற்கோள் காட்டி, ஆய்வு மாணவிகள் எல்லோரும் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். மனுவோடு, நூலகத்திலிருந்து விடுதிவரை எந்தெந்த இடங்களில் விளக்கு எரியவில்லை என்பதையும் எழுதுங்கள். பாதுகாப்பு வேண்டும் என்பது உண்மையென்றால், நிர்வாகம் முதலில் சரிசெய்ய வேண்டியது அந்த விளக்குகளைத்தான். முதல் படியாக, நூலகப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களுக்கு எட்டரை மணி என்று கேட்டால், மறுப்பதற்கு அவர்களுக்குக் காரணம் கிடைப்பது அரிது.

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேத்தி கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தீபாவளி முடிந்து திரும்பும்போது பலகாரம் கட்டிக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எவ்வளவு கொடுப்பது? கழுத்துச் சங்கிலியைப் போட்டு அனுப்பலாமா? (ஓர் ஆயா, கோட்டையூர்)

பதில்: சங்கிலி வேண்டாம் ஆச்சி. விடுதியில் ஒரு நகை காணாமல் போனால், நகை போவதோடு நிற்பதில்லை. அறையில் இருக்கும் மற்ற மூன்று பெண்கள் மீதும், பெருக்கவரும் அம்மாள் மீதும் சந்தேகம் விழுந்து, ஆண்டு முழுவதும் அந்த அறையில் யாரும் யாரையும் நம்பமாட்டார்கள்.

பலகாரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். மாவுருண்டையும் அதிரசமும் அவள் அறைக்குப் போதும். சீப்புச்சீடையும் மணகோலமும் நாள்பட இருக்கும் என்பதால், அவற்றைச் சிறு டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு, அறைத்தோழிகளுக்கு ஒவ்வொன்றும் வார்டனுக்கு ஒன்றுமாகக் கட்டுங்கள். டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். விடுதி எறும்புகள் எந்தப் பூட்டுக்கும் அஞ்சாதவை. மெஸ்ஸில் சமைக்கும் அம்மாளுக்கும் ஒரு பங்கு வைத்து, அதைப் பேத்தியே தன் கையால் கொடுக்கும்படி சொல்லி அனுப்புங்கள்.